சி ஹெடரை ரஸ்ட்டுக்குக் கொண்டுவருவது: கையால் எழுதுவதா, பைண்ட்ஜென்னா?

பர்கூர் பையன்:
மாங்கூழ் ஆலை ஒண்ணுக்கு ரஸ்ட்ல சின்ன புரோகிராம். வாசல்ல இருக்கிற எடை மேடை இண்டிகேட்டர் 2400 பாட்ல பேசுது. உள்ளே ஸ்டெரிலைசர் டெம்பரேச்சர் கண்ட்ரோலர்கள் ஆர்எஸ்-485, 9600. எழுதறது 64-பிட் லேப்டாப், ஓடப்போறது 32-பிட் ராஸ்பெரி பை. போர்ட் அமைப்புக்கு டெர்மியோஸ், 485-க்கு சீரியல்_ஆர்எஸ்485, எந்த போர்ட்ல டேட்டா வந்திருக்குன்னு சொல்ல ஈபோல்_ஈவென்ட், இந்த மூணு ஸ்ட்ரக்டையும் (டேட்டாவோட மெமரி அமைப்பு) சி ஹெடரைப் (அறிவிப்பு ஃபைல்) பார்த்துக் கையாலயே எழுதினேன். கான்ஸ்டன்ட் எல்லாம் அப்படியே காப்பி: பி2400 (வேகம்) = 0000013, சிஎஸ்8 (எழுத்துக்கு 8 பிட்) = 0000060. போர்ட்டை அமைக்கிற டிசிசெட்எஸ் ஐஓசிடிஎல்லை (கெர்னலுக்குப் போற கட்டளை) நேரா கூப்பிடறேன், 0 திரும்புது, அதாவது பிழை இல்லை. ஆனா எடை மேடையில இருந்து வர்றது முழுக்க குப்பை எழுத்து. ஹெடரைப் படிச்சு ரஸ்ட் கோடைத் தானே எழுதித் தர்ற பைண்ட்ஜென்னுக்கு மாறணுமா, இதையே திருத்தலாமா?

ஓசூர்_109:
நீங்க காப்பி பண்ணின அந்த ரெண்டு வரியிலயே விஷயம் இருக்கு தம்பி. சி-யில முன்னால 0 இருந்தா அது ஆக்டல், எட்டடிமான எண். ரஸ்ட்ல 0000013-ன்னா வெறும் பதிமூணு; ஆக்டலுக்கு 0ஓ13-ன்னு போடணும். கம்பைலர் வாயே திறக்காது, ரஸ்ட்டோட தப்பு காட்டற கருவி கிளிப்பியை ஓட்டியிருந்தா முன்னால நிக்கிற சைபரைக் காட்டி எச்சரிச்சிருக்கும்.

பி2400-ஓட உண்மையான மதிப்பு 11. நீங்க போட்டது 13, அது பி9600. சிஎஸ்8 உண்மையில 48, நீங்க போட்டது 60, அதாவது 48-ஓட கூட ஒரு 12 ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அந்த 12 விழறது பாட் ரேட் பிட்டுகள் மேலேயே. 13-ஓட 12-ஐ பிட் பிட்டா ஆர் பண்ணினா 13 தான். ஆக போர்ட் 9600-ல திறந்து நிக்குது, மேடை 2400-ல பேசுது.

இதுல கொடுமை என்னன்னா, பி2400-ஐ மட்டும் 11-ன்னு திருத்திட்டு சிஎஸ்8-ஐ விட்டா, 11 ஆர் 12 = 15, அது 38400. அதே நேரம் 9600-ல பேசற கண்ட்ரோலர்ல பாட் ரேட்டை மட்டும் சரியா எழுதிட்டா சிஎஸ்8 தப்பு வெளியவே தெரியாது. ஒரு போர்ட் ஓடும், பக்கத்து போர்ட் ஓடாது, நீங்க கேபிளை மாத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. இதுக்குத்தான் சொல்றது, ஹெடரை மனுஷன் படிக்கக் கூடாது, பைண்ட்ஜென் பயன்படுத்தற கிளாங் கம்பைலர் படிக்கணும்.

தகடூரான்:
ஆக்டலைக் கவனிக்காமல் விட்டது கையின் குற்றமல்ல, கண்ணின் குற்றம். அதோடு டெர்மியோஸை எழுதவே வேண்டியதில்லை. லிப்சி கிரேட்டில் (ரஸ்ட் நூலகம்) அந்த ஸ்ட்ரக்டும் கான்ஸ்டன்ட்டுகளும் ஏற்கெனவே இருக்கின்றன.

மிச்சம் இருப்பது சீரியல்_ஆர்எஸ்485. அதில் என்ன பெரிய சிக்கல்? ஃப்ளாக்ஸ், அனுப்புமுன் தாமதம், அனுப்பியபின் தாமதம் என மூன்று யு32, பிறகு ஐந்து யு32 பேடிங் (இடம் நிரப்பி). மொத்தம் 32 பைட். எல்லாம் அளவு குறித்த டைப்புகள், லாங் கிடையாது, பாயிண்டர் கிடையாது. 32-பிட்டிலும் 64-பிட்டிலும் ஒரே அமைப்பு. எட்டு வரிக்கு, பைண்ட்ஜென் கேட்கும் லிப்கிளாங்கைக் கட்டி இழுப்பது, முருங்கைக்காய் பறிக்க கிரேன் கொண்டுவருவது மாதிரி.

பைண்ட்ஜென் எல்லாவற்றையும் கொண்டுவரும் என்பதும் கற்பனை. டெர்மியோஸ்2 ஸ்ட்ரக்டைப் படிக்கும் டிசிகெட்எஸ்2 என்ற ஐஓசிடிஎல் எண், ஸ்ட்ரக்டின் அளவையும் உள்ளே வைத்துக் கட்டப்படும் மேக்ரோ. அதன் மதிப்பு ஹெக்ஸ் 802சி542ஏ. நடுவில் இருக்கும் 2சி தான் 44 பைட் என்பது. வழக்கமான அமைப்பில் பைண்ட்ஜென் இப்படிப்பட்ட மேக்ரோவைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். புதிய கெர்னல் ஹெடர்களில் ஆர்எஸ்485 ஃப்ளாக்குகளையே 1 << 0 என்று எழுதாமல் ஆர்கியுமென்ட் வாங்கும் மேக்ரோவாக மாற்றிவிட்டார்கள். நேற்றுவரை வந்த கான்ஸ்டன்ட், டிஸ்ட்ரோவை அப்டேட் செய்ததும் காணாமல் போகும். பேடிங்கும் இப்போது ஒரு யூனியனுக்குள் (ஒரே இடத்தைப் பகிரும் அமைப்பு) போய்விட்டது. பேடிங்குக்கு ஐந்து சைபர் போட்டு எழுதிய ரஸ்ட் கோடு அத்தோடு கம்பைல் ஆகாது. கெர்னல் தன் ஏபிஐயை உடைக்கவில்லை, உங்கள் பில்டு உடைகிறது.

ஓசூர்_109:
கம்பைல் ஆகாம நின்னா நல்லதுதானே அண்ணா, உடனே தெரிஞ்சிடும். கையால எழுதினா கம்பைல் ஆகி ஓடிக்கிட்டே தப்பு பண்ணும். அந்த ஃப்ளாக்ஸையே எடுத்துக்குங்க: பிட் 0, 1, 2, அடுத்தது 4. மூணு கிடையாது, கைவிட்டுட்டாங்க. வரிசையா எழுதிக்கிட்டு வர்ற கை அனுப்பும்போதே கேட்கிற ஃப்ளாக்குக்கு 1 << 3-ன்னு தான் போடும்.

பேடிங் எதுக்குன்னு நினைச்சு அந்த ஐந்தை விட்டுட்டா இன்னும் மோசம். ஸ்ட்ரக்ட் 12 பைட் ஆகிடும். இந்த ஸ்ட்ரக்டை செட் பண்ற டிஐஓசிஎஸ்ஆர்எஸ்485 ஐஓசிடிஎல்லோட எண் ஹெக்ஸ் 542எஃப், அதுல அளவு எதுவும் பொதிஞ்சில்லை. கெர்னல் 32 பைட் படிக்கும். படிக்கிறதோட நிக்காது, தான் ஏத்துக்கிட்ட அமைப்பைத் திரும்ப அதே இடத்துல 32 பைட்டா எழுதும். செட் தானே பண்றோம்னு இருப்பீங்க, ஸ்டாக்ல பக்கத்து 20 பைட் போயிருக்கும்.

டெர்மியோஸும் அப்படித்தான். கெர்னல் ஹெடர்ல கண்ட்ரோல் எழுத்துகள் 19, மொத்தம் 36 பைட். ஜிலிப்சி (லினக்ஸ்ல சி நூலகம்) ஹெடர்ல 32, மொத்தம் 60 பைட். பேரு ஒண்ணே. கெர்னல் ஹெடரைப் பார்த்து 36 பைட்ல எழுதிட்டு ஜிலிப்சியோட டிசிகெட்ஆட்டர் ஃபங்ஷனைக் கூப்பிட்டா 24 பைட் வெளிய வழியும்.

பாலக்கோடு:
ரெண்டு பேரும் ஈபோலை விட்டுட்டீங்க. பையனுக்கு அடுத்து இடிக்கப் போறது அதுதான்.

ஈபோல்_ஈவென்ட் லேப்டாப்போட எக்ஸ்86-64-ல பேக்டு (நடுவுல இடைவெளி இல்லாம அடுக்கினது), 12 பைட். பை-யோட ஆர்ம் சிப்ல பேக்டு கிடையாது, டேட்டா 8-வது பைட்ல ஆரம்பிக்கும், மொத்தம் 16. லேப்டாப்ல பார்த்து பேக்டுன்னு எழுதி பை-யில ஓட்டினா, பஃபரை சைபர் போட்டு நிரப்பியிருந்தா முதல் ஈவென்ட்ல எஃப்டி (திறந்த போர்ட்டோட எண்) 0-ன்னு வரும். ரெண்டாவது ஈவென்ட்ல, கெர்னல் வச்ச ஈவென்ட்ஸ் மதிப்பையே எஃப்டின்னு படிச்சு 1-ன்னு வரும். 0, 1 ரெண்டும் பார்க்க ஒழுங்கான எஃப்டி மாதிரி இருக்கும், அதான் ஆபத்து.

ஓசூர் அண்ணா, பைண்ட்ஜென் இதுல காப்பாத்தும்னு நினைக்காதீங்க. லேப்டாப்ல ஜெனரேட் பண்ணி ரெப்போல போட்ட ஃபைல்ல பேக்டுன்னே எழுதியிருக்கும், கூடவே அளவு 12-ன்னு அசர்ட்டும் (சரிபார்ப்பு வரி) இருக்கும். அதை ஆர்முக்கு கம்பைல் பண்ணினாலும் பேக்டு ஸ்ட்ரக்ட் 12 தானே, அசர்ட் பாஸ் ஆகிடும். அது தன்னையே சரிபார்க்குது, கெர்னலை இல்லை. டார்கெட்டையும் பை-யோட சிஸ்ரூட்டையும் (அதோட ஹெடர், நூலகங்கள்) கிளாங்குக்குக் கொடுத்து ஜெனரேட் பண்ணினா மட்டும்தான் அது செல்லும்.

ஓசூர்_109:
சரி, அது உண்மைதான். டார்கெட்டுக்கு ஒரு ஃபைல்னு வைக்கணும். ஒரே ஃபைலை எல்லாத்துக்கும் போடறவங்க நிறைய.

தகடூரான்:
அப்படியானால் கையால் எழுதுவதற்கும் உங்கள் வழிக்கும் வேலையில் வித்தியாசம் என்ன?

பாலக்கோடு:
இருக்கு சார். எழுதறது யாருங்கிறது பெரிசில்லை, சரிபார்க்கிறது யாருங்கிறதுதான். கையாலயே எழுதட்டும். பக்கத்துல ஒரு சி ஃபைல் வைங்க, ஹெடர்களை இன்க்ளூட் பண்ணி ஸ்டாட்டிக் அசர்ட் மட்டும்: சீரியல்_ஆர்எஸ்485-க்கு சைஸ்ஆஃப் (அளவு) 32, ஆஃப்செட்ஆஃப் (ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கிற இடம்) 0, 4, 8, அப்புறம் சிஎஸ்8 48, பி2400 11. ரஸ்ட் பக்கமும் அதே எண்களுக்கு கான்ஸ்ட் அசர்ட். ஆஃப்செட் மேக்ரோ ரஸ்ட் 1.77-லயே நிலையாகிடுச்சு. சி ஃபைலை பில்டு ஸ்கிரிப்ட்ல சிசி கிரேட் மூலமா, ஆர்ம் கிராஸ் ஜிசிசியால கம்பைல் பண்ணணும். லேப்டாப் ஜிசிசியால இல்லை, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. லிப்கிளாங் வேண்டாம், .ஓ ஃபைலை ஓட்டக்கூட வேண்டாம். ஏதாவது ஒரு எண் பிசகினா பில்டு நிக்கும்.

லிப்சி கிரேட்டும் கையால எழுதினதுதான். சிடெஸ்ட்னு ஒரு கருவி வச்சு சி ஹெடரோட ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க.

ஒண்ணு மட்டும்: சி-யோட சார் டைப்பை ஐ8-ன்னு எழுதாதீங்க, சி_சார்-னே விடுங்க. ஆர்ம் லினக்ஸ்ல அது அன்சைன்டு. லாங்கும் அப்படியே சி_லாங்.

தகடூரான்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு ஸ்ட்ரக்ட் உள்ள வீடியோ ஹெடருக்கு இது நடக்காது, அங்கே பைண்ட்ஜென் தான். பத்துக்குக் கீழே என்றால் கை.

ஓசூர்_109:
பத்துன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? யூனியன், பிட்ஃபீல்டு ஒண்ணு வந்தாலே நான் ஜெனரேட்டர் பக்கம் போயிடுவேன்.

பர்கூர் பையன்:
பி2400-ஐ 11-ஆக்கிட்டு சி ஃபைல் வச்சுப் பார்த்தேன். ஆர்ம் ஜிசிசி ரெண்டு இடத்துல நின்னது: சிஎஸ்8, அப்புறம் ஈபோல் 12-க்கு 16. ரெண்டையும் திருத்திட்டு, டெர்மியோஸுக்கு லிப்சி கிரேட்டையே எடுத்துக்கிட்டேன். எடை மேடை சுத்தமா வருது. சீரியல்_ஆர்எஸ்485 முதல்லயே 32 சரியா இருந்தது. ஆனா அதை செட் பண்ணினா மட்டும் பிழை எண் 25 வருது. ஸ்ட்ரக்ட்ல இன்னும் ஏதாவது தப்பா?

பாலக்கோடு:
485 போர்ட் யூஎஸ்பி மாற்றியா?

பர்கூர் பையன்:
ஆமாண்ணா, யூஎஸ்பி.

பாலக்கோடு:
அப்ப ஸ்ட்ரக்ட்ல தப்பு இல்லை. அந்த மாதிரி மாற்றிகள் பெரும்பாலும் அனுப்பறது, வாங்கறது ரெண்டுக்கும் நடுவுல தானே திரும்பிக்கும், டிரைவர்ல இந்த ஐஓசிடிஎல்லே இருக்காது, அதான் 25. அந்த ஸ்ட்ரக்டையும் அதுக்கான கூப்பிடறதையும் தூக்கிட்டு 9600-ல திறந்து படிங்க.