என் மகள் அளந்த ஃபித்ரா அரிசி

3 வயதில் என் மகளுக்கு நோன்புப் பெருநாள் என்றால் புத்தாடையும் பெரியவர்கள் தரும் பெருநாள் காசும்தான். நாங்கள் அவளுக்குக் காட்டியதே அவ்வளவுதான் என்பதால் குறை எங்களுடையது. 5 வயதானபோது விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவுக்கு எழுப்பச் சொல்லி அழுதாள். நண்பகல்வரை அரை நோன்பு வைத்துவிட்டு, மாலையில் எங்களோடு அமர்ந்து நோன்புக் கஞ்சி குடித்தாள். பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை. பசியைக் கொண்டு அவளுக்கு மார்க்கத்தைக் கற்பிக்க நான் விரும்பவுமில்லை.

பெருநாளை அவளுக்குப் புரியவைத்தது, நோன்புப் பெருநாளையொட்டி வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பேரிலும் ஏழைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்கும் ஃபித்ரா அரிசிதான். கீழக்கரையில் எங்கள் வீட்டில் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவின்படி, தலைக்கு ஒரு ஸாவு, அதாவது பெரியவர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு, ஏறத்தாழ 2.5 கிலோ அரிசியைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிடுவோம். வழக்கமாகக் கடையிலேயே எடைபோட்டு வாங்கிவிடுவோம். அந்த வருடம் பிறை தெரிந்த இரவில் என் உம்மா (அம்மா) பாயை விரித்து, பேத்தியை எதிரில் உட்காரவைத்துத் தம் கைகளாலேயே அளந்தார்கள்.

வாப்பாவுக்கு நான்கு, உம்மாவான எனக்கு நான்கு, உம்மம்மாவுக்கு நான்கு, தனக்கு நான்கு என்று எண்ணி வந்தவள், தொட்டிலில் கிடந்த இரண்டு மாதத் தம்பியைப் பார்த்து, “இவன் நோன்பே வைக்கவில்லையே, இவனுக்குமா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா, கைப்பிள்ளையின் பேரிலும் ஒரு ஏழை வீட்டில் உலை கொதிக்க வேண்டும்” என்றார்கள் என் உம்மா.

தம்பியுடையதைத் தானே அள்ளுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்தச் சின்னக் கைகளில் பாதி அரிசி விரலிடுக்கில் வழிந்துவிட, அளவு குறைந்துவிடாதபடி என் உம்மா மேலும் அள்ளிச் சேர்த்தார்கள். பாயில் சிதறியதை அவள் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

விடிந்ததும், பள்ளிவாசலிலிருந்து இறைவனைப் போற்றும் தக்பீர் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு வீட்டுக்கு இருவரும் சென்றோம். கொடுக்கும்போது தருமம் என்ற சொல் வாயில் வரக் கூடாது, இது அவர்களுடைய பங்கு என்று வழியில் அவளிடம் சொல்லியிருந்தேன். பெருநாளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றுள் இதையே முதன்மையாகக் கருதுகிறேன். அவள் சலாம் சொல்லிப் பையை நீட்டி, “இதில் தம்பியுடையதும் இருக்கிறது” என்றாள். வீடு திரும்பிய பிறகுதான் புத்தாடை அவள் நினைவுக்கு வந்தது.