கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு நகர நிர்வாகம் பணம் கொடுக்க வேண்டுமா?

பழைய_சூப்பிரண்டு:
கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு அறிவிப்பு சுற்றுகிறது. என் பேத்தி அனுப்பினாள். நகர நிர்வாக அலுவலகங்களில் கோடை விடுமுறைக்கு எட்டு வாரப் பயிற்சி. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கீழே வரிசையாகக் கைதட்டல். நான் தட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நகர நிர்வாகத்தில் 31 வருடம் இருந்தவன், பாதிக்கு மேல் வரிப் பிரிவில். பயிற்சி மாணவர் வந்தால் முதல் வாரம் அவருக்கு ஒரு நாற்காலி தேடுவதிலேயே போய்விடும். இரண்டாவது வாரம், எந்தக் கோப்பு எந்த செக்‌ஷனுக்குப் போகும் என்று பிடிபடுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு வாரம் அவர் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன், என் மேஜையில் தபால் குவியும். கொஞ்சம் கை கொடுக்கத் தொடங்கும்போது கல்லூரி திறந்துவிடும். கற்றுக்கொண்டு போனவர் அவர். நேரத்தை விட்டவன் நான். பணமும் அவருக்கேவா? அது வரி கட்டுகிறவன் காசு.

கடைசி_பெஞ்ச்:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். விண்ணப்பமே போடாமல் போனவரை.

போன கோடையில் எனக்கு ஒரு அலுவலகத்தில் இடம் கிடைத்தது. பணம் கிடையாது, சான்றிதழ் மட்டும். அதே வாரம் ஒரு கூரியர் கிடங்கில் வேலை வந்தது. கிடங்குக்குத்தான் போனேன். இரண்டு மாதம் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன், அந்தப் பணத்தில்தான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டினேன். நான் விட்ட இடத்துக்கு என் வகுப்பு நண்பன் போனான். நல்ல பையன், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் அப்பா பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தார், மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக் காசு. இந்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு பேரிடமும் 'முன் அனுபவம் உண்டா' என்று கேட்டார்கள். அவன் அரை மணி நேரம் பேசினான். நான் லேபிள் ஒட்டியதைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

சான்றிதழைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாட்டார் ஐயா.

கணக்குப்பிள்ளை:
இந்தச் சண்டை புதிதில்லை. அமெரிக்க வெள்ளை மாளிகையே தன் பயிற்சி மாணவர்களுக்கு 2022 இலையுதிர் காலத்தில்தான் முதல்முறையாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது, வாரத்துக்கு 750 டாலர். அதுவரை யார் அங்கே போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாஷிங்டனில் மாதக்கணக்கில் வாடகை கொடுக்கக் கூடிய வீட்டுப் பிள்ளைகள்தான்.

இன்னொன்று. அந்த நாட்டில் தனியார் நிறுவனம் சும்மா வேலை வாங்கினால் தொழிலாளர் சட்டம் கேள்வி கேட்கும். அரசு அமைப்புகளுக்கும் லாப நோக்கமில்லாத தொண்டு அமைப்புகளுக்கும், தாமாக முன்வருகிற தொண்டர் என்ற பெயரில் சம்பளமில்லாத பயிற்சிக்குப் பெரும்பாலும் இடம் உண்டு. சட்டம் போடுகிறவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம்.

இந்தியாவில் 2020 ஜூனில் மத்திய நகர்ப்புற அமைச்சகமும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயும் சேர்ந்து 'டியூலிப்' என்று ஒரு திட்டம் தொடங்கின. சுமார் 4,400 நகர உள்ளாட்சி அமைப்புகளில் பயிற்சி, எட்டு வாரம் முதல் ஒரு வருடம் வரை. ஆனால் அது படிப்பை முடித்து 18 மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு. இங்கே பேசுவது இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி, அதனால் இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பழைய_சூப்பிரண்டு:
வெள்ளை மாளிகையில் சாக்கடை அடைப்புப் புகார் வருமா? அங்கே ஜன்னல் வழியாகப் புல்வெளி தெரியும், எங்களுக்குக் குப்பை லாரி தெரியும். உதாரணத்தை இறக்கிக்கொண்டு வாருங்கள்.

தம்பி லேபிள் ஒட்டியது எனக்கு வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் வசதியில்லாத மாணவருக்கு உதவ வேண்டும் என்றால் கல்வி உதவித்தொகை என்று நேராகக் கொடுங்கள். அதை எதற்கு என் செக்‌ஷன் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்?

கடைசி_பெஞ்ச்:
சரி ஐயா, நேராகவே ஒரு கேள்வி. 31 வருடத்தில் வந்த மாணவர்களில் ஒருவர்கூட உருப்படியாக ஒன்றும் செய்யவில்லையா?

பழைய_சூப்பிரண்டு:
கேட்டுவிட்டாய், பொய் சொல்ல வரவில்லை.

ஒரு வருடம் என்னைப் புகார்ப் பிரிவில் போட்டிருந்தார்கள். ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். பழைய புகார்ப் பதிவேட்டைக் கொடுத்து எக்செலில் ஏற்றச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், என்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்றுதான். மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்து, "சார், ஒரே தெருவிளக்குப் புகார் பதினொரு தடவை வந்திருக்கு, பதினொரு தடவையும் 'சரி செய்யப்பட்டது'ன்னு முடிச்சிருக்காங்க" என்றாள். யாரோ வேலையில்லாதவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு பேரும் சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தெருவின் வளைவில் ஒரு கம்பம் இருட்டாக நிற்கிறது, அதில் எண்ணே இல்லை. பதிவேட்டில் இருந்த எண், சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கி நாற்பது அடி தள்ளி நட்ட கம்பத்தின் எண். லைன்மேன் ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைத் தேடிப் போவார், அது ஜோராக எரிந்துகொண்டிருக்கும், 'எரிகிறது' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, புகார் கொடுத்தவர் மேலும் இல்லை. அந்த வாரமே எண்ணில்லாத கம்பங்களைத் தேடிப் பட்டியல் போட்டார்கள். ஒரு வார்டில் மட்டும் பதினாறு.

கடைசி_பெஞ்ச்:
அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்?

பழைய_சூப்பிரண்டு:
ஆளுக்கொரு சான்றிதழ். அந்தப் பெண்ணின் சான்றிதழில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. திருத்திக் கொடுப்பதற்குள் கல்லூரி திறந்துவிட்டது.

கடைசி_பெஞ்ச்:
ஐயா, நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தற்காலிக_டைப்பிஸ்ட்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஒரு நகர அலுவலகத்தில் ஏழு வருடமாக ஒப்பந்த டேட்டா என்ட்ரி. ஊர் பேர் வேண்டாம்.

பையனும் பெரியவரும் மாணவர் பக்கமிருந்தும் அதிகாரி பக்கமிருந்தும் பேசுகிறீர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவள் நான். ஒரு வருடம் எங்கள் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்தது. வழக்கமாக அடுத்த வாரமே நீட்டிப்பு வந்துவிடும். அந்த வருடம் வரவில்லை. "பசங்க வர்றாங்கம்மா, ரெண்டு மாசம் அவங்க பார்த்துப்பாங்க" என்றார்கள். அவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகை என் சம்பளத்தில் பாதிகூட இருக்காது. ஜூலையில் திரும்ப என்னைக் கூப்பிட்டார்கள். பிறப்புப் பதிவேட்டில் அவர்கள் ஏற்றியதில் அப்பா பெயர்க் கட்டத்தில் ஆஸ்பத்திரி பெயர். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பாவம், அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் பணம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கணக்கிலிருந்து கொடுக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். தற்காலிகப் பணியாளர் ஒதுக்கீட்டிலிருந்து எடுத்தால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, ஆள்குறைப்பு.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே கனமான பதிவு. அறிவிப்பை மறுபடி படித்தேன். எந்தத் தலைப்பில் செலவு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

எட்டு வாரம் என்ற கால அளவும் எனக்கு உறுத்துகிறது. பிரான்சில் பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் கட்டாயம் பணம் கொடுக்க வேண்டும், அரசு அலுவலகங்களும் இதில் அடக்கம். அப்படி ஒரு கோடு இருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளத் தோன்றத்தானே செய்யும்? இங்கே பணம் கொடுக்கிறார்கள், அதனால் அந்தச் சந்தேகம் பொருந்தாது. ஆனால் வேலையைப் பார்த்து எட்டு வாரம் என்று முடிவு செய்தார்களா, விடுமுறையைப் பார்த்தா?

புள்ளிவிவரம்_எங்கே:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'அனுபவம் கிடைத்தால் நல்ல வேலை கிடைக்கும்' என்று எல்லோரும் ஒப்புக்கொண்டே பேசுகிறீர்கள். நியூயார்க் நகரத்தில் 1963 முதல் கோடை வேலைத் திட்டம் நடக்கிறது. 14 முதல் 24 வயது வரை, ஆறு வாரம், சம்பளத்தோடு. விண்ணப்பம் அளவுக்கு மேல் வந்ததால் குலுக்கல் போட்டார்கள். 2005 முதல் 2008 வரை நடந்த குலுக்கல்களில் இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் வரிப் பதிவுகளை வைத்து ஒப்பிட்டார்கள். வேலை செய்த அந்த வருடம் வருமானம் கூடியது. அடுத்தடுத்த வருடங்களில் கூடவில்லை, சற்றுக் குறைந்தும் இருந்தது. கல்லூரியில் சேர்வதிலும் மாற்றமில்லை. இதற்குத்தான் இவ்வளவு கைதட்டலா?

கணக்குப்பிள்ளை:
பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அதே ஆய்வில், இடம் கிடைத்தவர்களிடையே சிறைக்குப் போவதும் இளவயது மரணமும் குறைந்தன. அது சின்ன விஷயமா?

தவிர, அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி வயதினர், வேலையும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், கோடை முகாம் மாதிரி. பொறியியல் மூன்றாமாண்டு மாணவர் மழைநீர் வடிகால் வரைபடத்தோடு தெருவில் இறங்குவதை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் குலுக்கல் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. எம்எல்ஏ சிபாரிசுக் கடிதத்துக்கு அதில் வேலை இல்லை.

பழைய_சூப்பிரண்டு:
குலுக்கலா! வடிகால் பிரிவுக்கு இலக்கிய மாணவர் வந்து நின்றால்?

புள்ளிவிவரம்_எங்கே:
அவர் புகார்தாரருக்குப் புரிகிற மாதிரி பதில் கடிதம் எழுதுவார். உங்கள் ஆட்களுக்கு வராத கலை அது.

பழைய_சூப்பிரண்டு:
சரி, அது ஒரு அடி. வாங்கிக்கொண்டேன்.

மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுப்பதில் எனக்கு இருந்த கோபம் மாணவர் மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஒரு மாணவரை என் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு என்ன வேலை என்று ஒரு வரிகூட எழுதி அனுப்ப மாட்டார்கள். வந்த பிறகு 'பார்த்துக்கோங்க' என்பார்கள். அந்த இரண்டு பேர் கம்பத்தைக் கண்டுபிடித்தது அவர்கள் கெட்டிக்காரத்தனம், எங்கள் ஏற்பாடு இல்லை. பணம் கொடுத்தால் ஆடிட் கேட்கும்: இத்தனை ரூபாய்க்கு என்ன வேலை நடந்தது என்று. அந்தப் பயத்திலாவது யாராவது முன்கூட்டியே வேலையை எழுதி வைப்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காக ஒப்புக்கொள்கிறேன். டைப்பிஸ்ட் அம்மாவின் நாற்காலியைத் தொடாமல் கொடுத்தால்.

தற்காலிக_டைப்பிஸ்ட்:
எழுதி வாங்கிக்கொள்ளலாமா சார், இதை?

கடைசி_பெஞ்ச்:
ஐயா, நானும் விண்ணப்பம் போடுகிறேன், வெள்ளிக்கிழமை கடைசி நாள். போனஃபைடு வாங்கியாகிவிட்டது, ஹெச்ஓடி கையெழுத்து மட்டும் பாக்கி. 'விருப்பப் பிரிவு' என்று மூன்று கட்டம் இருக்கிறது. கமிஷனர் அலுவலகம் என்று முதலில் போடலாமா?

பழைய_சூப்பிரண்டு:
போடாதே. அங்கே போனால் மீட்டிங்குக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருப்பாய். முதல் கட்டத்தில் புகார்ப் பிரிவு, இரண்டாவதில் வடிகால். மூன்றாவது எதுவானாலும் சரி. தொப்பி எடுத்துக்கொண்டு போ, வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். அப்புறம், சான்றிதழை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் உன் பெயரை நீயே ஒரு தடவை பார்த்துக்கொள்.