லேன் வரைந்த குடாவில் அந்த உடைந்த படகு எதைச் சொல்கிறது?

அலைவாசி:
அமெரிக்க ஓவியர் ஃபிட்ஸ் ஹென்றி லேன் 1864இல் வரைந்த பிரேசஸ் பாறை ஓவியத்தைப் பற்றிப் பேசலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், குளோஸ்டர் ஊரை ஒட்டிய சிறு குடா. தண்ணீரில் சுருக்கம் இல்லை, பாறை அப்படியே தலைகீழாகத் தெரிகிறது. முன்பக்கத்தில் சிதைந்த படகு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மறு ஆண்டே லேன் இறந்தார். அந்தப் படகு அவர்தான், அவருடைய நாடும்தான்.

கரையாள்:
1865இல் சாகப்போகிறோம் என்று 1864இல் அவருக்கு எப்படித் தெரியும்? முடிவைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து படிக்கிறீர்கள். துறைமுக வாசல் என்று தவறாக நினைத்து அந்தக் குடாவுக்குள் வந்து உடைந்த கப்பல்கள் உண்டு. குளோஸ்டரிலேயே பிறந்தவருக்கு உடைந்த மரம் புதிதா என்ன?

அலைவாசி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். கப்பல்களை விழுங்கிய இடத்தை ஏன் இவ்வளவு அமைதியாக வரைந்தார்? கடற்புயல்களை வரைந்த ஆங்கில ஓவியர் டர்னர் என்றால் புயலையே கொண்டுவந்திருப்பார். அப்புறம், லேன் சின்ன வயதிலேயே கால் செயலிழந்து ஊன்றுகோலோடு வாழ்ந்தவர். நகர முடியாத படகு அவருக்கு வேறு என்னவாக இருக்கும்?

கரையாள்:
இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நடக்க முடியாதவர் வரைந்தால் படகெல்லாம் அவர் காலாகிவிடுமா? பாஸ்டனில் கல்லச்சுக் கூடத்தில் தொழில் பழகிய கை அது. ஓவியத்தின் உயரம் சுமார் 26 சென்டிமீட்டர், அகலம் 39. ஏ3 தாளைவிடக் கொஞ்சம் சிறியது. அதற்குள் படகின் விலாச்சட்டங்களை, எங்கள் பக்கம் வங்கு என்போம், ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்தக் கவனத்தைப் பாராட்டாமல் அவர் உடம்பைப் பற்றிப் பேசுகிறோம்.

தூரிகை:
ஒன்று மட்டும். இதே காட்சியை லேன் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். தற்செயலாகக் கண்ணில் பட்ட படகுக்கு அது அதிகம்.

கரையாள்:
வாங்குபவர் கேட்டாலும் திரும்ப வரைவார்களே. இன்னொன்று, லேனை ‘லூமினிசம்’ (ஒளியும் அமைதியும் நிறைந்த அமெரிக்க நிலக்காட்சி ஓவியப் பாணி) என்ற பெட்டியில் போட்டார்களே, அந்தச் சொல்லே 1954இல்தான் வந்தது. 2005 வாக்கில்தான் அவருடைய நடுப்பெயர் ‘ஹ்யூ’ அல்ல, ‘ஹென்றி’ என்றே தெரிந்தது. பெயரையே தவறாக எழுதி வந்தவர்கள் மனதை மட்டும் சரியாகப் படித்துவிட்டோமா?

அலைவாசி:
சரி, காலைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது நியாயமில்லை. ஆனால் அவர் 1840களில் வரைந்த குளோஸ்டர் துறைமுகத்தைப் பாருங்கள்: கப்பல்கள், கரையில் வேலை செய்யும் ஆட்கள். இங்கே ஒருவர்கூட இல்லை. எங்கே போனார்கள்?

கரையாள்:
ஆள் இல்லாதது என்னையும் உறுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் போர் என்று பெயர் வைக்க அவர் கைப்பட ஒரு வரியாவது எனக்கு வேண்டும்.