டைனோசர் காட்டப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனவங்க இரிக்கீங்களா?

கல்லடி, தரம் 4 ஆசிரியை:
வகுப்புல எந்த நேரமும் டைனோசர் கதைதான். இந்தமுறை கல்விச் சுற்றுலாவைக் கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு வைக்கலாமா எண்டு யோசிக்கிறன். போய் வந்தவங்க சொல்லுங்க.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியர்:
நாங்க போனம் டீச்சர். டிவியில வாற மாதிரிப் பெரிய எலும்புக்கூடு நிற்கும் எண்டு மட்டும் ஆசை காட்டிராதீங்க. இலங்கையில டைனோசர் எலும்பே எடுபடல்ல. தீவுட பாறையில பெரும்பங்கு 50 கோடி வருசத்துக்கும் மேல பழசு, டைனோசருக்கும் முந்தினது, பூமிக்குள்ள வெந்து நசுங்கி உருமாறினது. டைனோசர் காலத்துப் படிவு புத்தளப் பக்கம் தப்போவ, ஆண்டிகம மாதிரிச் சின்ன இடங்களிலதான் இரிக்கு. அங்கயும் அகப்பட்டது செடிகொடிகளின்ட தடயம்.

இதை முதல் கிழமையே வகுப்புல சொல்லிப்போட்டு, இரத்தினபுரிக் கதைக்குப் போனம். மாணிக்கக்கல் தோண்டுற குழிகள்ல நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாத்தின்ட எச்சமும் வந்திரிக்கு. அந்தச் சிங்கத்துக்கு 1939ல விஞ்ஞானப் பேர் வச்சவர் தொல்லுயிர் ஆய்வாளர் பி.ஈ.பி. தெரணியகல, அவருக்குக் கிடைச்சது பல்லு மட்டும்தான். "பல்ல வச்சு எப்பிடி சேர் சிங்கம் எண்டு புடிச்சாங்க?" எண்டு ஒரு பொடியன் கேட்டான். மறுகா நூதனசாலையில எந்த மண்டையோட்டைக் கண்டாலும் எல்லாரும் முதல்ல பாத்தது பல்லைத்தான். டைனோசரைத் தேடி ஒருத்தரும் அழல்ல.

உதயதேவியில போனா பிள்ளைகளுக்குக் குசிதான், ஆனா பகல் முழுக்க ரெயிலுக்குள்ளயே போயிரும். நாங்க இரவு பஸ் பிடிச்சு ஹபரணை, தம்புள்ளை வழியாப் போனம். பொலன்னறுவை வரமுந்தியே சத்தி எடுக்கத் தொடங்கினாங்க, சொப்பின் பேக் நிறைய வச்சுக்கொள்ளுங்க. காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலும் போதும். வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் கடிதம் ரெண்டையும் நேரத்தோட எடுங்க. 1877ல திறந்த தேசிய நூதனசாலையும் பக்கத்திலதான், ஆனா ஒரே நாள்ல ரெண்டும் இந்த வயசுக்குத் தாங்காது. பின்னேரம் காலிமுகத்திடல்ல விட்டிருங்க.

அக்கரைப்பற்று, ஆசிரியை:
எங்கட பிள்ளைகளுக்குக் கொழும்புச் செலவு கட்டாது. மைதானத்தில டைனோசர்ட நீளத்துக்குக் கயிறு புடிச்சம். டி-ரெக்ஸுக்கு 12 மீற்றர், டிப்ளோடோகஸுக்கு 26 மீற்றர். பிள்ளைகளே அளந்து, சுண்ணாம்பால கோடு போட்டு, உள்ளுக்குப் படுத்துப் பாத்தாங்க. வால் மதிலுக்கு வெளிய போயிட்டு! பஸ் பயணத்துக்கு முந்தி இதையும் செய்யுங்க டீச்சர், காசு போகாது.

கல்லடி, தரம் 4 ஆசிரியை:
அப்ப எங்கட பழைய கல்லடிப் பாலத்தில பதினொரு டிப்ளோடோகஸ் வரிசையா நிற்கலாம் போல! நாளைக்குக் கணித பாடத்துக்கு இதுதான். சேர், இரவு பஸ்ஸுக்குத் தாய்மாரையும் கூட்டிப்போனீங்களா, டீச்சர்மார் மட்டுமா?

களுவாஞ்சிக்குடி, ஆசிரியர்:
தாய்மார் நாலஞ்சு பேர் வந்தாங்க. அவங்க இல்லாட்டி ஹபரணையோட திரும்பியிருப்பம்.