வால்வுக் காலத்து ராடாரை வடமுனைப் பனியில் முப்பது ஆண்டுகள் ஓட வைத்தது எப்படி?

சுன்னாகம் திருத்துநர்:
வணக்கம். சுன்னாகத்தில் மின்னணுக் கருவிகள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஆளரவமற்ற இராணுவ நிலையங்களில் பழைய ராடார்களைப் பராமரித்த விதம் பற்றிப் பொறியியல் மாணவர் சிலருக்குப் பேச ஒப்புக்கொண்டுள்ளேன். எடுத்துக்காட்டாக, அலாஸ்காவிலிருந்து கனடாவின் வட எல்லையைத் தொடர்ந்து அமைக்கப்பட்டு 1957 இல் இயங்கத் தொடங்கிய டியூ லைன் என்னும் தொலைதூர முன்னெச்சரிக்கை ராடார் நிலைய வரிசையைத் தெரிந்தெடுத்தேன். அங்கிருந்த எஃப்.பி.எஸ்.-19 தேடு ராடார் வால்வுகளால், அதாவது திரான்சிஸ்டருக்கு முந்திய வெற்றிடக் குழாய்களால், இயங்கியது. ஆயினும் 1980களின் பிற்பகுதி வரை அதைப் பயன்படுத்தினார்கள். வால்வு எரிந்தால் மாற்றிவிடலாம் என்பது எனக்கு விளங்குகிறது. எதுவும் எரியாமலே கருவி சிறிது சிறிதாகத் தளர்ந்து போவதை அவர்கள் எவ்வாறு கண்டுபிடித்திருப்பார்கள் என்பதே என் கேள்வி.

வல்வெட்டி மாலுமி:
தம்பி, கப்பல்களில் வானொலி அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருப்பதுதான் இத்தொழிலின் கடினமான பகுதி. ராடாரின் எட்டுதூரம் அதன் வலுவின் நான்காம் மூலத்துக்கு ஏற்பவே மாறும். அதாவது, ராடார் அலையைப் பிறப்பிக்கும் வால்வான மக்னெட்றன் முதுமையடைந்து வெளியீட்டு வலு பாதியாகக் குறைந்தாலும் எட்டுதூரம் ஏறத்தாழ 16 வீதமே குறையும். திரைக்கு முன்னால் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. முன்பு தெரிந்த பெரிய இலக்குகள் எல்லாம் இன்றும் தெரியும். ஆனால் அலையை அன்டெனாவுக்குக் கொண்டு செல்லும் உலோகக் குழாயான அலைவழிகாட்டிக்குள் ஈரம் புகுந்து சமிக்ஞை போகும்போது ஒரு தடவையும் திரும்பும்போது ஒரு தடவையும் நலிவடைய, எதிரொலியைப் பெறும் பகுதியான வாங்கியில் சமிக்ஞையின் அதிர்வெண்ணை மாற்றும் கலவைப் பளிங்கும் பழுதடைய, ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பமாகத் தோன்றும் இழப்புகள் சேர்ந்து வலு பதினாறில் ஒரு பங்காகும்போது எட்டுதூரம் சரிபாதியாகிவிடும். அந்த நிலையிலும் ராடார் "நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று காவலில் இருப்பவர் சொல்லுவார்.

ஆகவே திரையை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். அனுப்பியின் வலு, வாங்கியின் இரைச்சல் அளவு, அது உணரக்கூடிய மிகச் சிறிய சமிக்ஞை ஆகியவற்றை ஒரே முறையில், ஒரே கருவியால் ஒழுங்காக அளந்து பதிவேட்டில் எழுதுவார்கள். எதிரொலிப் பெட்டி என்று ஒன்று உண்டு: ராடாரின் துடிப்பை உள்வாங்கி, துடிப்பு நின்ற பிறகும் சற்று நேரம் ஒலித்துக்கொண்டிருக்கும் ஓர் உலோகக் குழி. அந்த ஒலிப்பு திரையில் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்தால் அனுப்பி, வாங்கி இரண்டின் நலமும் ஒருசேரத் தெரிந்துவிடும். பெரிய கப்பல்களின் ராடார்களிலும் இவ்வாறு நலத்தை அளந்து காட்டும் செயற்றிறன் காட்டி இருக்கிறது. அதை ஒழுங்காகப் பார்த்தவர்கள் குறைவு என்பது என் அனுபவம். அளவுகள் எழுதப்படாத நிலையத்தில் எவ்வளவு கெட்டிக்காரத் திருத்துநர் இருந்தும் பயனில்லை.

ஸ்காபரோ வாசி:
ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அந்த நிலையங்களை முதலில் வாட்டியது வழங்கலே என்று நான் கருதுகிறேன். கடற்பனி விலகும் குறுகிய கோடையில் மட்டுமே கப்பல் வரும். மற்றக் காலத்தில் வானூர்தியை நம்ப வேண்டும், அதுவும் காலநிலை விட்டால்தான். எரிபொருளும் உதிரிப்பாகமும் முன்கூட்டியே கணக்கிட்டு இறக்கப்பட வேண்டும். மின்பிறப்பாக்கி நின்றால் ராடார் மட்டுமன்றி ஆட்கள் உயிர்வாழும் வெப்பமும் நின்றுவிடும். மேலும், உலகம் திரான்சிஸ்டருக்கு மாறிய பின்னர் வால்வு செய்யும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக அந்த வேலையைக் கைவிட்டன. 1985 இல் அமெரிக்காவும் கனடாவும் டியூ லைனுக்குப் பதிலான வட எச்சரிக்கை முறைமை என்னும் புதிய ராடார் வரிசைக்கு உடன்பட்டதற்கு இந்தப் பராமரிப்புச் சுமையும் ஒரு காரணம். புதிதாக வந்த எஃப்.பி.எஸ்.-117 இல் ஒரே பெரிய வால்வுக்குப் பதிலாகப் பல சிறு திண்ம நிலை (திரான்சிஸ்டர் வகை) அனுப்பிகள் இருக்கின்றன. சில பழுதானாலும் ராடார் நிற்காது. குறுந்தூர நிலையங்கள் ஆளின்றியே இயங்குமாறு அமைக்கப்பட்டன.

சுன்னாகம் திருத்துநர்:
இருவருக்கும் நன்றி. பழைய மீன்பிடிக் கலம் ஒன்றின் ராடார் அனுப்பியை ஒருவர் தந்திருக்கிறார். பல காலம் கொட்டிலில் கிடந்தது. மாணவர்களுக்கு முன்னால் இயக்கிக் காட்டலாமா?

வல்வெட்டி மாலுமி:
உடனே உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீண்ட காலம் கிடந்த மக்னெட்றனுக்குள் வாயு கசிந்து சேர்ந்திருக்கும். சூடாக்கியை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டு, பிறகு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால்தான் உள்ளே பொறி பாயாது. மின்பகு கொள்ளளவிகளையும் தடையி ஊடாகக் குறைந்த அழுத்தத்தில் பழக்க வேண்டும். மக்னெட்றனைக் கழற்றினால் இரும்பு அலுமாரியில் வைக்கக் கூடாது, காந்தம் நலிந்துவிடும், மரப்பெட்டியே நல்லது. எங்கள் கரையோரத்தில் சோளகம் வீசும் மாதங்களில் உப்பு எங்கும் படியும் என்பதால் இணைப்பு விளிம்புகளைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொக்குவில் மின்பொறியியலாளர்:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் உயர் அழுத்தக் கொள்ளளவி ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றத்தை வைத்திருக்கக் கூடும். காப்பிட்ட கைப்பிடியுள்ள கோலால் நிலத்தோடு இணைத்து வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும். மிகப் பழைய கருவியானால், எண்ணெய் நிரப்பிய மாற்றியிலோ கொள்ளளவியிலோ பி.சி.பி. என்னும் நச்சுச் சேர்மம் இருக்கலாம். டியூ லைன் நிலையங்களைச் சுற்றியிருந்த மண்ணையும் அது மாசுபடுத்தியதால் கனடா பல ஆண்டுகள் துப்புரவுப் பணி செய்ய நேர்ந்தது. கசிவு தென்பட்டால் திறக்காமல் ஒதுக்கி வையுங்கள். இயக்குவதாயின் அன்டெனாவுக்குப் பதிலாகப் வலுவை வெளியே விடாமல் வெப்பமாக உறிஞ்சும் பொருத்தமான போலிச் சுமையை இணைத்து, மாணவர்களைத் தள்ளி நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், உயர் அழுத்தம் இல்லாமலே அதைப் பிரித்துக் காட்டினால் போதும். அவர்கள் பார்க்க வேண்டியதெல்லாம் உள்ளேதான் இருக்கிறது.