ஆசிரியர்மீது புகார் கொடுத்த பிள்ளைகளைப் பள்ளி எப்படித் தாங்க வேண்டும்?

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் இடையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறுபட்டணம் எங்களுடையது. தமிழ்ப்பள்ளியில் நூறு பிள்ளைகள்கூட இல்லை. ஓர் ஆசிரியர் தங்களைத் தகாத முறையில் தொட்டதாக ஐந்தாம் ஆண்டு மாணவிகள் மூவர் வீட்டில் சொல்ல, பெற்றோர் போலீசில் புகார் செய்தனர். விசாரணை நடக்கிறது, அந்த ஆசிரியர் இப்போது பள்ளிக்கு வருவதில்லை. அதோடு பிரச்சினை முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், அந்த மூவரும் நாள்தோறும் அதே வகுப்பறைக்குத்தான் வருகிறார்கள். ஒருத்தி பாடவேளை முழுவதும் புத்தகப் பையை மடியிலிருந்து இறக்குவதே இல்லை. இன்னொருத்தி கணினி அறைப் பக்கம் போக மறுக்கிறாள். தாய்மார்கள் விடியற்காலையிலேயே பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவதால், காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூட வீட்டில் ஆளில்லை. பள்ளியில் முழுநேர ஆலோசக ஆசிரியரும் கிடையாது. இதற்கிடையில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதரவாகச் சிலர் ஆசிரியர் அறையில் கையொப்பம் திரட்டுவதாகவும் கேள்விப்படுகிறோம். பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியை:

தம்பி, முதலில் ஒன்றை உறுதியாகச் செய்யுங்கள்: பள்ளியில் எவரும் அந்தப் பிள்ளைகளிடம் "என்ன நடந்தது?" என்று மீண்டும் கேட்கக் கூடாது. விசாரிப்பது பள்ளியின் வேலையன்று. பிள்ளையிடம் பேசிக் காணொளியாகப் பதிவு செய்வதற்கும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரை அவள் நேருக்கு நேர் பார்க்காதிருப்பதற்கும் 2007ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சிகள் சட்டம் வழி செய்திருக்கிறது. தலைமையாசிரியர் ஒருமுறை, வகுப்பாசிரியர் ஒருமுறை, சங்கத் தலைவர் ஒருமுறை என்று ஆளுக்கொரு தடவை கேட்டால், பிள்ளை அதே வேதனையை அத்தனை முறையும் அனுபவிக்கிறாள். அவள் சொற்களில் ஏற்படும் சிறு மாற்றமும் பின்னர் வழக்கில் அவளுக்கு எதிராகவே பயன்படுத்தப்படும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவர் வேண்டும். அவரை நீங்கள் நியமிக்காதீர்கள், பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மனம் கலங்கும்போது காரணம் சொல்லாமல் வகுப்பைவிட்டு எழுந்து அவரிடம் செல்லலாம் என்ற அனுமதியை எல்லா ஆசிரியர்களும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்; பிள்ளை ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மடியில் இருக்கும் பையை இறக்கி வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது அவளுக்கு ஒரு வேலி. கதவருகே உட்கார விரும்பினால் உட்காரட்டும். கணினிப் பாடத்தைச் சில வாரங்களுக்கு வேறு அறையில் நடத்துவதால் யாருக்கும் நட்டமில்லை. கற்றல் பின்தங்கும், வீட்டுப்பாடம் தவறும், காரணமின்றிக் கோபம் வரும். இவற்றையெல்லாம் ஒழுங்கீனமாகப் பதிவு செய்துவிடாதீர்கள்.

முழுநேர ஆலோசகர் இல்லாத சிறிய பள்ளி, மாவட்டக் கல்வி இலாகாவிடம் எழுத்துமூலம் கேட்டால் அங்கிருந்து ஆலோசகரை வரவழைக்கலாம். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு தாய்:

என் மகனின் கதையைச் சொல்கிறேன், பள்ளியின் பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் அவனைக் காது வீங்கும் அளவுக்கு அடித்தார். நாங்கள் புகார் செய்ததும், "உங்கள் பையனின் நன்மைக்காகவே சொல்கிறோம்" என்று கூறி அவனை வேறு பள்ளிக்கு மாற்றச் சொன்னார்கள். நாங்களும் நம்பி மாற்றினோம். அந்தப் பள்ளியின் வேன் தோட்டத்துக்குள் வராது. மழை நாளில் சாலை முனையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் சேற்றை வாரி அடிக்க அவன் நின்றுகொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடித்தவர் அதே நாற்காலியில் இருக்க, அடிபட்டவனே நண்பர்களை இழந்தான். "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்?" என்று அவன் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. மாற்ற வேண்டியிருந்தால் பெரியவரையே மாற்றுங்கள். அந்த மூன்று பிள்ளைகளின் மேசையும் வகுப்பும் தோழிகளும் அப்படியே இருக்கட்டும்.

சட்ட உதவித் தொண்டர்:

அந்த அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நம் தோட்டப்புறங்களில் இத்தகைய விவகாரத்தைக் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசி, மன்னிப்புக் கேட்க வைத்து முடித்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 வந்தபின் அதற்கு இடமே இல்லை. குற்றம் நடந்ததை அறிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு; தலைமையாசிரியரும் சங்கப் பொறுப்பாளரும் இதற்கு விலக்கல்லர். ஆசிரியர், விடுதிக் காப்பாளர் போன்ற நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவரே குற்றம் செய்தால், வழக்கமான தண்டனைக்கு மேல் ஐந்தாண்டு வரை கூடுதல் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். வேறு சான்று இல்லாத நிலையிலும் பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் கொண்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்க முடியும். ஆகவே, "சாட்சி யார் இருக்கிறார்கள்?" என்று பெற்றோரை அச்சுறுத்துவோரின் பேச்சுக்கு மதிப்பளிக்க வேண்டாம்.

கையொப்பம் திரட்டுவதைத் தலைமையாசிரியர் உடனே நிறுத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. பிள்ளைகள் கடந்து செல்லும் ஆசிரியர் அறை அதற்குரிய இடமன்று. பள்ளி மறுத்தால் கல்வி அமைச்சின் புகார் முறை வழியாக எழுதுங்கள். சமூக நல இலாகாவின் உதவி தேவைப்பட்டால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்:

மூவருக்கும் நன்றி. தலைமையாசிரியரை நேற்றுச் சந்தித்தோம். கையொப்பத் தாளை அவர் எங்கள் முன்னிலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இனி இது நடக்காது என்று ஆசிரியர்களுக்கு எழுத்துமூலம் அறிவித்தார். மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் கடிதம் போய்விட்டது. பிள்ளைகளே ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஆசிரியை அம்மா சொன்னபடி கேட்டுப் பார்த்தோம். இருவர் இரண்டாம் ஆண்டு ஆசிரியையின் பெயரைச் சொன்னார்கள். பையை மடியில் வைத்திருக்கும் பிள்ளை நெடுநேரம் யோசித்துவிட்டு, சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் கட்டும் அக்காவைச் சொன்னாள். அந்த அக்காவும் கண் கலங்கி ஒப்புக்கொண்டார். ஆசிரியர் அல்லாத ஒருவர் இப்பொறுப்பை ஏற்பதற்கு முன் அவருக்கு என்னென்ன சொல்லித் தர வேண்டும் என்பதை மட்டும், ஆசிரியை அம்மா, நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியை:

மிக நல்ல தேர்வு, தம்பி. அவர் எதையும் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தால் போதும். பிள்ளையே ஏதாவது சொன்னால் "நீ சொன்னது நல்லது" என்று மட்டும் கூறி, அவள் சொன்ன சொற்களை அப்படியே அன்றைக்கே எழுதி ஆலோசகரிடம் ஒப்படைக்கட்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. மற்றவற்றை நேரில் பேசுகிறேன். நான் இருப்பது சித்தியவானில்தான், வரும் சனிக்கிழமை வந்துவிடுகிறேன்.