கையெழுத்தில் மட்டும் இருந்த அரை மணி நேரம்

முழு நைட்டு, அதாவது நள்ளிரவிலிருந்து காலை வரையிலான ஷிப்ட், பார்த்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலி பேட்டைக்கு மேற்கே ஒரு நூற்பாலையில் ஏழு வருடம் ரிங் ஃபிரேம் சைடராக, அதாவது நூல் நூற்கும் மெஷினைப் பார்த்து அறுந்த நூலை ஒட்டுகிறவனாக, இருந்தேன். மில் பெயர் வேண்டாம். பகல், அரை நைட்டு (சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு வரை), முழு நைட்டு என்று வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்.

எந்தப் பக்கமாக மாறுகிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பகல், அடுத்து அரை நைட்டு, அடுத்து முழு நைட்டு என்று போனால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். எங்கள் மில்லில் தலைகீழ். முழு நைட்டு முடிந்ததும் அரை நைட்டு, அப்புறம் பகல். தூக்கம் பழகுவதற்குள் வாரம் முடிந்துவிடும். அதுவும் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பகலில் தூங்குவதை எல்லாம் தூக்கம் என்று சொல்ல முடியாது.

அப்போது இருந்தது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம். நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். இவ்வளவும் கேட் பக்கத்துப் போர்டில் பஞ்சுத் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

ரிஜிஸ்டரைப் பார்த்தால் எல்லோரும் தினமும் அரை மணி ஓய்வு எடுத்திருப்போம். நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஃபிரேம் நிற்காதே! ரிலீவர், அதாவது மாற்று ஆள், வந்தால்தான் நாம் நகர முடியும். அவரை வேறு ஃபிரேமுக்கு இழுத்துவிட்டிருப்பார்கள். நூல் அறுந்துகொண்டே இருக்கும். நின்றபடியே இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பேன். இட்லி மேல் இருப்பது தேங்காய்ப் பூவா பஞ்சா என்று தெரியாது.

ஒரு நாள் அரை நைட்டு முடிந்து கிளம்புகிற நேரத்தில் மேஸ்திரி வந்தார். “ஏலே, அடுத்த ஆள் வரல, இன்னைக்கு மட்டும் பாத்துக்கோ.” சாயங்காலம் 4 மணிக்கு உள்ளே போனவன் மறுநாள் காலை 8 மணிக்கு வெளியே வந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் திறந்திருந்தது, புத்தி இல்லை. ஒட்டிய நூலையே மறுபடி ஒட்டப் போனேன்.

வீடு பாளையங்கோட்டையில். ஈரடுக்குப் பாலத்தில் வண்டி ஏறியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் சுலோச்சன முதலியார் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஒரு முழம் தள்ளி நிற்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர், “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாவே?” என்றார். அன்றைய கூடுதல் வேலைக்கு வந்தது ஒற்றைச் சம்பளம்தான்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டுச் சிரித்தேன். நான் 16 பார்த்தவன்.

*

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் நர்ஸ். இரவு 8 முதல் காலை 8 வரை டியூட்டி. ஒருமுறை நாலு மணிக்கு, ஒரு நோயாளியின் சார்ட்டில் பக்கத்துப் பெட்காரரின் மருந்தை எழுதிவிட்டேன். கூட இருந்த அக்கா பார்த்ததால் தப்பித்தது. அன்றிலிருந்து ஊசி போடும் முன் பேரையும் மருந்தையும் வாய்விட்டுப் படிப்பேன். நோயாளிகள் ‘இந்தப் பிள்ள ஏன் தனியாப் பேசுது’ என்று பார்ப்பார்கள்.

*

அண்ணாச்சி, நான் சென்னை–நெல்லை ஆம்னி பஸ் டிரைவர். எங்களுக்கும் அப்போது 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இருந்தது: 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. ரெண்டாவது டிரைவர் இருந்தால் சரி. அன்றைக்கு அவர் லீவு. மதுரை வரை பாட்டு, கோவில்பட்டி வரை வெற்றிலை. கயத்தாறு தாண்டியதும் வெள்ளைக் கோடு ரெண்டாகத் தெரிந்தது. ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலை வைத்தேன்.

பதினைந்து நிமிஷம் இருக்கும். ஒருத்தர் கேபின் கதவைத் தட்டி, “இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான, போய்த் தூங்கலாம்லா” என்று கத்தினார். பின்னாலிருந்து ஒரு ஆச்சி குரல்: “அவன் தூங்கட்டும்யா. நான் பேரனைப் பாக்கணும்.”